இன்றியமையாத வண்டி

வழக்கு ஒரு வண்டியின் மேல் நடந்தது. கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சட்டப்படி அது வரித் துறைக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்கும் இடையிலான மேல்முறையீடு. கோப்பின் மேலட்டையில் வண்டி என்ற சொல்லே கிடையாது. ஆனால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கடல் தாண்டி இருக்கும் டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றி முணுமுணுப்பதைக் கேட்டு டைப் அடிக்கிற பெண்களுக்குச் சட்டத்தோடு என்ன உறவு? பக்கவாட்டுக் கதவை இரண்டு முறை அறைந்தால்தான் மூடும் அந்த வெள்ளை வேன்தான் அவர்களுக்கு வழக்கு. "நம்ம வண்டி ஜெயிச்சுதா அக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அக்கா என்பது முதலாளி. அவளுடைய சொந்தத் தம்பி அங்கே கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டான். அவன் அக்கா என்று கூப்பிட்டதால் காவலாளி முதல் எல்லோருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரி ஒன்றின் பதிவறையில் டைப் அடித்தவள். நாலு பழைய கம்ப்யூட்டரும் இரவல் நாற்காலிகளுமாகத் தொடங்கி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முப்பது பேருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலைக்கு வந்திருந்தாள். அங்கே பகலென்றால் இங்கே இரவு. ஆகவே இருட்டும்போது தொடங்கும் வேலை விடிவதற்கு முன்னால் முடியும். பெண்களைக் கொண்டுவந்து இறக்கவும் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடவும்தான் அந்த வண்டி, வாடகைக்கு.

வரி விஷயம் இவ்வளவுதான். வெளிநாட்டுக்குச் செய்து அனுப்புகிற வேலைக்கு வரி கிடையாது. ஆனால் அந்த வேலையைச் செய்வதற்காக இங்கே வாங்குகிற ஒவ்வொரு சேவைக்கும், கட்டட வாடகைக்கும் டெலிபோனுக்கும் வண்டிக்கும், சேவை வரி உண்டு. கட்டிய வரியைக் கேட்டால் திருப்பித் தருவார்கள் என்பது சட்டம். கேட்பது உங்கள் கையில் இருக்கிறது. தருவதற்குத்தான் மேல்முறையீடு.

துறையில் இவர்களுடைய மனுவைப் பார்த்த அதிகாரிக்குப் பெண்கள் வைத்த பெயர் கத்தரி. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், விசாரித்துக்கொண்டே வெட்டுவார். வாடகை சரி, டெலிபோன் சரி என்று டிக் போட்டுக்கொண்டு வந்தவர் வண்டியில் நின்றார். 'இது ஊழியர்களின் சொந்த வசதிக்கானது. ஏற்றுமதிக்கு இன்றியமையாதது அல்ல' என்று எழுதினார்.

அக்கா நேரில் போய்க் கேட்டாள்.

"சார், வண்டி இல்லாம அந்த நேரத்துல பொம்பளப் பிள்ளைங்க எப்படி வரும் போகும்?"

"வரது போறது அவங்க பாடுங்க. நீங்க ஏற்றுமதி பண்றது டைப்படிச்ச பேப்பரைத்தானே? வண்டியை இல்லையே?" என்றார் கத்தரி. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நான் விட்டுட்டேன்னு வைங்க, நாளைக்குத் தணிக்கையில என் கழுத்தைப் பிடிப்பாங்க. ஒண்ணு பண்ணுங்க. வண்டியை மட்டும் விட்டுக்கொடுத்து எழுதிக் குடுங்க. மிச்சத்தை இப்பவே பாஸ் பண்றேன். இல்லாட்டி வண்டி விவகாரம் தீர்ற வரைக்கும் அடுத்தடுத்த மனுவெல்லாம் அப்படியே நிக்கும். எனக்கும் வேற வழி இல்ல" என்றார்.

தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். விட்டுவிடு அக்கா, தொலையட்டும். ஆனால் அக்காவுக்குப் பிடிவாதம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. யார் அப்பன் வீட்டுப் பணம்? நியாயமாக வரவேண்டியதை எதற்குப் பிச்சை போடவேண்டும்? மேல்முறையீடு என்றாள். வரி வக்கீல் ஒருவரைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் அவர் போகிற நாளெல்லாம் வழக்கு தள்ளித் தள்ளிப் போனதால் அவருக்கும் வாய்தா என்று பெயர் விழுந்துவிட்டது.

வாய்தா கேட்ட முதல் காகிதம் ஒரு பிரமாணப் பத்திரம். அக்கா சொல்லச் சொல்ல அதை டைப் அடித்தவள் ரேடியோ. ரேடியோ என்றால் ஓயாமல் பேசுகிறவள் என்று அர்த்தம். காதும் அப்படியே. எச்சில் விழுங்கிக்கொண்டே பேசுகிற டாக்டர், கொட்டாவி விட்டபடி பேசுகிற டாக்டர், யாருக்கும் புரியாத ஒலிப்பதிவெல்லாம் கடைசியில் அவளிடம்தான் வரும். ஒரு முறை கேட்பாள், விரல் ஓடும். டைப் அடித்துக்கொண்டே, "என் சர்வீஸ்ல இந்த ஆளுக்கு மூக்கடைப்பு போனதே இல்லக்கா. ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்குறாரு, தன் மூக்கைப் பாக்க மாட்டேங்குறாரு" என்பாள்.

"இந்த வண்டி என் நிறுவனத்தின் ஏற்றுமதிப் பணிக்கு இன்றியமையாதது" என்று அக்கா சொன்னதும் ரேடியோவின் விரல் நின்றது.

"இன்றியமையாததுன்னா?"

"அது இல்லாம முடியாதுன்னு அர்த்தம்."

"அப்ப நானும் இன்றியமையாதவதானே அக்கா?"

"நீ இன்றியமையாத வாயாடி. அடி."

அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது அக்காவுக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்லி, அதற்குக் கீழே பெயரையும் போடுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

முதல் மேல்முறையீடு தோற்றது. துறையின் அதிகாரி எழுதியதைத் துறையின் இன்னொரு அதிகாரி படித்துப் பார்த்து, மிகச் சரி என்றார். அடுத்து தீர்ப்பாயம். அங்கே கோப்பு போய் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். ஒரு நாள் நீதிபதி இல்லை, ஒரு நாள் துறைக்காரர் வரவில்லை, ஒரு நாள் மின்சாரம் இல்லை. இங்கே கத்தரி சொன்னபடியே அடுத்தடுத்த மனுக்கள் எல்லாம் அவர் மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. தம்பி செருப்பு தேய நடந்தான். கடன் வாங்கிச் சம்பளம் போட்டார்கள். கடன்காரர்கள் டெலிபோனில் குரலை உயர்த்தினார்கள். வண்டிக்காரர் பாக்கி கேட்டு வந்து உட்கார்ந்தார்.

அக்கா வண்டியை நிறுத்தினாள்.

இதை என்னவென்று சொல்வது? காகிதத்தில் வண்டிக்காக ஒற்றைக் காலில் நின்றவள், தெருவில் அதே வண்டியை நிறுத்தினாள். விட்டுக்கொடுத்திருந்தால் மீதிப் பணம் எப்போதோ வந்து வண்டி ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் கணக்கு அவளுக்கு அப்போது தெரியாமல் இல்லை. கத்தரி ஜெயித்துவிடுவானே என்பது அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னபோது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. சம்பளமாவது வருகிறதே என்ற பயம். ரேடியோ மட்டும் கேட்டாள்.

"அக்கா, டீயை நிறுத்துங்க, ஏசியை நிறுத்துங்க. வண்டி மட்டும் வேணாமே. எங்க வீட்டுக்குப் போற ரோட்டுல ஒரு விளக்கு எரியாது."

"கொஞ்ச நாள்தாண்டி. கேஸ் முடியப்போகுது. பணம் வந்தா முதல் வேலை வண்டிதான். இது என் வாக்கு."

"கேஸ் ஜெயிச்சா வண்டி வரும்னு எங்கம்மாகிட்டச் சொல்லிடுறேன். அது வேற வேளைக்கு ஒரு தடவை கேக்குது" என்று சிரித்தாள் ரேடியோ.

சில பெண்கள் ஸ்கூட்டரில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார்ந்து போனார்கள். ரேடியோவுக்கும் அப்படி ஒரு துணை இருந்தது. அந்தத் துணை காய்ச்சலில் படுத்த வாரம் மழை பெய்தது. வேலை முடிந்து, இருள் பிரியாத நேரத்தில் ரேடியோ பெரிய சாலையோரமாக நடந்து போயிருக்கிறாள். நடைபாதையில் தண்ணீர் நின்றதால் சாலையில் இறங்கியிருக்கிறாள். லாரிக்காரன் நிறுத்தக்கூட இல்லை. பால் கொண்டுபோனவர்தான் முதலில் பார்த்தார்.

அக்கா போய்ப் பார்த்தாள். ரேடியோவின் அம்மா ஓட்டல் ஒன்றின் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். புருஷன் இல்லை, வேறு பிள்ளையும் இல்லை. மகளின் மேல் போர்த்தியிருந்த துணியின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிக்கொண்டே இருந்தாள். அக்காவைப் பார்த்து அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்கு இருந்தது.

அன்று வேலை நிற்கவில்லை. கடல் தாண்டி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நம் வீட்டுச் சாவு தெரியுமா? தாமதமானால் ஒப்பந்தம் போய்விடும், ஒப்பந்தம் போனால் முப்பது குடும்பம். அக்காவே ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாதியில் நின்ற மூக்கடைப்பு டாக்டரின் ஒலிப்பதிவை அடித்து முடித்தாள். கண்ணீர் விழுந்து விசை வழுக்கியது. எல்லாப் பெண்களும் அப்படித்தான் அடித்தார்கள். மாதக் கடைசியில் ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தில், 'எங்களோடு பணிபுரிந்த ஒருவரை இழந்த நிலையிலும் ஒரு கோப்பும் தாமதமாகவில்லை. சொல்லப்போனால் சென்ற மாதத்தைவிடக் கூடுதலாகவே முடித்துத் தந்திருக்கிறோம்' என்று அக்கா எழுதினாள். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது. பயமும் இருந்தது. அவர்கள் பாராட்டிப் பதில் எழுதினார்கள். வேலை நடந்ததற்கு ஆதாரம் என்று தம்பி அந்தக் கடிதத்தையும் பதிலையும் அடுத்த வரி மனுவோடு சேர்த்துத் துறைக்குக் கொடுத்தான். கடிதம் என்றால் ஆதாரம், ஆதாரம் என்றால் இணைப்பு. அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. அக்காவுக்கும் தோன்றவில்லை.

மழைக்காலம் போனபின் ரேடியோவின் அம்மா தொழிலாளர் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். 'வண்டி இல்லாமல் அந்த வேலை நடக்காது என்று முதலாளியே கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை டைப் அடித்தது என் மகள். வீட்டில் வந்து சொன்னாள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தியதால் என் மகள் போனாள்.' மனுவின் சாரம் இதுதான்.

தம்பி தன் நண்பனான ஒரு சின்ன வக்கீலிடம் பதில் மனு எழுதி வாங்கி வந்தான். அக்கா படித்தாள். 'வண்டி என்பது நிர்வாகம் நல்லெண்ணத்தால் அளித்த ஒரு சலுகை. வேலைக்கு அவசியமானது அல்ல.'

"இது கத்தரி எழுதினதுடா" என்றாள்.

"யார் எழுதினா என்னக்கா."

"அந்தக் கோர்ட்டுல வண்டி இல்லாட்டி உலகமே நின்னுடும்னு சொல்றோம். இந்தக் கோர்ட்டுல வண்டி சும்மான்னு சொல்றதா?"

"அது வேற கோர்ட், இது வேற கோர்ட்."

"ரெண்டும் ஒரே கட்டடம்டா. மாடிதான் வேற."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். "அக்கா, நான் சொல்றதைக் கோபப்படாம கேளு. அந்தம்மா ஜெயிச்சா நாம கொடுக்கவேண்டியது கொஞ்சநஞ்சம் இல்ல. இழுத்து மூடவேண்டியதுதான். முப்பது பேரும் தெருவுல. வண்டி கேஸ்ல தோத்தா? போறது வண்டி மேல கட்டின வரி மட்டும். மிச்சப் பணமெல்லாம் உடனே வந்துடும். அதோட, வண்டி அவசியமில்லன்னு தீர்ப்பாயமே சொல்லிட்டா, அந்தம்மாவோட கேஸ் அங்கேயே விழுந்துடும். நமக்கு இப்ப தோக்கறதுதான் நல்லது."

அக்கா பதில் மனுவை இழுப்பறையில் போட்டு மூடினாள். கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை.

இத்தனை வருஷம் நகராத வழக்கு அந்த மாதம் பார்த்து விசாரணைக்கு வந்தது. தீர்ப்பாயத்தின் அறை சின்னது. மேலே மின்விசிறி ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தது. துறைக்காக வாதாட வந்தவரைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். கத்தரிக்குப் பதவி உயர்வு கிடைத்து இந்த இருக்கைக்கே வந்திருந்தார். அக்காவைப் பார்த்துப் பழைய பழக்கத்தில் தலையசைத்தார்.

திரும்பிப் பார்த்தபோது கடைசி பெஞ்சில் ரேடியோவின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு லீவு போட்டு வந்திருக்கிறாள். கீழ் மாடியில் தன் வழக்குக்காக வந்தபோது, மேலே வண்டி வழக்கு நடக்கப்போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மகள் நாளெல்லாம் பேசிய வழக்கு. அது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்திருக்கிறாள்.

வாய்தா நன்றாகவே பேசினார். இரவு வேலை, பெண்கள், வண்டி இல்லாவிட்டால் ஆள் வராது, ஆள் வராவிட்டால் ஏற்றுமதி இல்லை. சாவைப் பற்றி மூச்சு விடவில்லை. தம்பி காலையிலேயே அவர் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தான்: இங்கே சொல்வது கீழே போகும் சார், அதைத் தொடாதீங்க.

கத்தரி எழுந்தார். "ஆள் வராதுன்னு சொல்றாங்க. வண்டியை நிறுத்தி ரொம்ப நாளாச்சுங்க. ஆள் வந்துக்கிட்டுதான் இருக்கு. ஏற்றுமதி குறையல, கூடியிருக்கு. நான் சொல்லலைங்க, அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எங்களோடு பணிபுரிந்த ஒருவரை இழந்த நிலையிலும் ஒரு கோப்பும் தாமதமாகவில்லை. சொல்லப்போனால் சென்ற மாதத்தைவிடக் கூடுதலாகவே முடித்துத் தந்திருக்கிறோம்."

அக்காவின் சொந்த வாக்கியம். ரேடியோவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டே அடித்த அந்த நாளை அவளே எடுத்துத் துறையின் கையில் கொடுத்திருக்கிறாள். வண்டி இல்லாமலும் முடியும், ரேடியோ இல்லாமலும் முடியும் என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

நீதிபதி கடிதத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். வயதானவர், அதுவரை தூங்குவதுபோல் இருந்தவர்.

"இழந்ததுன்னா? வேலையை விட்டுப் போயிட்டாங்களா?"

வாய்தா தயங்கினார். "இறந்துட்டாங்க. ஒரு பொண்ணு."

"எப்படி?"

வாய்தா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இருந்தது. சொல்லும்மா, ஒரு வார்த்தை, வழக்கு நம்முடையது. பக்கத்தில் தம்பி தொண்டையைச் செருமினான். பின்னால் பெஞ்சு ஒன்று கிரீச்சிட்டது. நீதிபதி நேராக அக்காவையே பார்த்தார்.

"நீங்கதானே முதலாளி? எப்படி இறந்தாங்க?"

அக்கா எழுந்தாள். சொல்ல வேண்டியது தெளிவாகத் தெரிந்தது. வண்டி இல்லாமல் நடந்து போனாள், அதனால் செத்தாள், வண்டியை நிறுத்தியவள் நான். நாக்கு நுனிவரை வந்தது. முப்பது பேர், கடன், இழுத்து மூடுவது, தம்பியின் முகம், எல்லாம் சேர்ந்து அதை உள்ளே தள்ளின.

"ரோட்டு விபத்துங்க" என்றாள்.

"வண்டி இருந்திருந்தா?"

"அதை எப்படிங்க சொல்ல முடியும்."

நீதிபதி எழுத்தரிடம் ஏதோ சொல்லி, அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே நடையில் ரேடியோவின் அம்மா காத்திருந்தாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிவிட்டான். அக்காவால் அப்படிப் போக முடியவில்லை.

"வண்டி ஜெயிச்சுதாம்மா?" என்று கேட்டாள் அந்த அம்மா. மகள் கேட்கிற அதே தொனி.

"தீர்ப்பு இன்னும் வரலம்மா."

"அவங்க பேசுனது எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ரோட்டு விபத்துன்னு சொன்னீங்களே, அது மட்டும் புரிஞ்சுது." சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

தீர்ப்பு வந்தது. வண்டி இன்றியமையாதது என்று மேல்முறையீட்டாளர் நிரூபிக்கவில்லை, மனு தள்ளுபடி. வாய்தா பழக்கதோஷத்தில் உயர்நீதிமன்றத்துக்கு மனு தயார் செய்து அனுப்பிவிட்டார். தம்பியோ பண்டிகை கொண்டாடுகிறவன்போல் வந்தான். நின்றுபோன மீதிப் பணத்தை விடுவிப்பதாகத் துறையிலிருந்து சொல்லிவிட்டார்கள். சின்ன வக்கீல் தீர்ப்பின் நகலை இணைத்துப் பதில் மனுவை மறுபடி கையெழுத்துக்கு அனுப்பியிருந்தார். அக்காவின் மேஜையில் இரண்டு காகிதமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் வண்டி இல்லாமல் முடியாது, ஒன்றில் வண்டி வெறும் சலுகை. இரண்டிலும் அவள் பெயருக்கு மேலே இடம் காலியாக இருந்தது.

அக்கா வாய்தாவின் மனுவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டலின் பின்வாசலுக்குப் போனாள். சலவைக் கூடத்தில் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியோவின் அம்மா ஈர விரிப்பு ஒன்றை மேஜையில் பரத்திக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தவில்லை.

"நான் உயர்நீதிமன்றத்துக்குப் போறேம்மா" என்றாள் அக்கா. "வண்டி அவசியம்னு அங்க சொல்லப்போறேன். அதுல ஜெயிச்சா உங்க கேஸும் தன்னால ஜெயிக்கும். எப்படியாவது ஜெயிச்சுடுவேன். இது என் வாக்கு."

அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"கேஸ் ஜெயிச்சா வரும், கேஸ் ஜெயிச்சா வரும்னு என் பொண்ணும் இதையேதாம்மா சொல்லிக்கிட்டிருந்தா."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். அக்காவால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. பையில் இருந்த மனு திடீரென்று வெறும் காகிதமாகிவிட்டது. அதில் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் அதுவும் தள்ளிப்போடத்தான். அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த அதே வாக்கை அவள் அம்மாவுக்கும் கொடுக்க வந்திருக்கிறாள்.

தொழிலாளர் கோர்ட்டில் பதில் மனு கொடுக்கவேண்டிய நாளில் அக்கா சின்ன வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே எழுந்தாள்.

"நான் பதில் மனு கொடுக்கலைங்க. இந்தம்மா சொல்றது உண்மை. வண்டி இல்லாம அந்த வேலைக்கு வரமுடியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் நிறுத்தினேன். அந்தப் பொண்ணு நிறுத்த வேணாம்னு என்கிட்டக் கேட்டா. அப்பவும் நிறுத்தினேன்."

தம்பி பெஞ்சிலிருந்து எழுந்து போய்விட்டான். அன்றைக்குப் போனவன் இன்றுவரை அக்காவின் முகத்தில் விழிக்கவில்லை. ரேடியோவின் அம்மா முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கோர்ட்டுக் காகிதத்தில் தன் வக்கீல் சொன்ன இடத்தில் பெருவிரலை வைக்காமல், மகள் சொல்லிக் கொடுத்த கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

துறையிலிருந்து வந்த பணம் அப்படியே நஷ்டஈட்டுக்குப் போயிற்று. போதாததற்கு வீட்டை விற்றாள். பெண்கள் ஒவ்வொருவராக வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்; பார்க்க முடியாதவர்கள் அக்காவைச் சபித்தார்கள். அவர்கள் செய்த பாவம் என்ன? நாற்காலிகளை வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து விலையைக் குறைத்தார். ரேடியோவின் நாற்காலி ஆடவே இல்லை.

காலியான கூடத்தில் அக்கா டெலிபோன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது வாய்தா கைப்பேசியில் கூப்பிட்டார். தொழிலாளர் கோர்ட்டில் அக்கா சொன்ன செய்தி இப்போதுதான் அவர் காதுக்குப் போயிருக்கிறது. வருத்தமாகவும் பேசினார், ஆற்றாமையாகவும் பேசினார்.

"இதே வார்த்தையை அன்னிக்கு மேல தீர்ப்பாயத்துல சொல்லியிருந்தீங்கன்னா வண்டி கேஸை ஜெயிச்சிருக்கலாமேம்மா."

"தெரியும் சார்" என்றாள் அக்கா. "அன்னிக்கே தெரியும்."